வீட்டுக் காரும் பந்தயக் களமும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, தரையோடு தரையாகப் படுத்து இரைச்சலிட்டுப் பறக்கும் ஒற்றை இருக்கை வண்டிதான். அத்தகைய வண்டியைப் பெருஞ்செல்வரும் பெரிய நிறுவனங்களுமே வைத்துக்கொள்ள இயலும். ஆனால், திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்த அதே காரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புல்வெளிக்கு ஓட்டிச் சென்று, பின் இருக்கையைக் கழற்றி வேலியோரத்தில் வைத்துவிட்டுப் போட்டியில் இறங்குவோரும் உலகில் உளர். அவர்கள் ஈடுபடும் போட்டிக்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். இங்கிலாந்தில் அது புல்தரையிலும் மண்தரையிலும் நடைபெறும். அமெரிக்காவிலோ, விமானத் தளங்களிலும் அகன்ற வண்டி நிறுத்துமிடங்களிலும் கூம்புகளை வரிசையாக வைத்து, வளைந்து நெளிந்து செல்லும் பாதை வகுத்து, ஒவ்வொரு வண்டியாக விட்டுக் கடிகாரத்தைக் கொண்டு வெற்றியைக் கணிப்பர். அங்கே நேர்ச்சாலையில் விரைந்தோடும் ஆற்றல் பெரிதன்று. சட்டென்று திரும்பும் ஆற்றலும், நினைத்த இடத்தில் வேகத்தைக் குறைக்கும் ஆற்றலுமே பெரியவை.

அன்றாட வாழ்வுக்கென்று செய்யப்பட்ட காரை இப்படிப் போட்டிக்குத் தகுதியாக்குவது எவ்வாறு? அதுவும் அந்தக் கார், முன் சக்கரங்களால் இழுக்கப்படும் வகையாக இருந்தால் என்ன இடர்ப்பாடுகள் நேரும்? இதைப் பொதுப்படச் சொல்வதைவிட, இம்முயற்சியில் உலகுக்கே வழிகாட்டிய ஒரு சின்னஞ்சிறு வண்டியின் வரலாற்றைச் சொல்வதே தகும் என்று கருதுகிறேன். அதுதான் இங்கிலாந்தில் பிறந்த மினி.

அதன் பிறப்புக்குக் காரணமாயிருந்தது ஒரு கால்வாய்ச் சண்டை. 1956-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அதைத் தொடர்ந்து எழுந்த போரில் கால்வாய் அடைபட்டது. பிரிட்டனுக்கு வரவேண்டிய எண்ணெய் குறைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. மக்கள் ஜெர்மனியிலிருந்து வந்த, குமிழி போன்ற சிறு வண்டிகளை வாங்கத் தலைப்பட்டனர். ஆஸ்டின், மாரிஸ் என்னும் இரு பெருங் குழுமங்கள் 1952-இல் ஒன்று சேர்ந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு, அந்தக் குமிழி வண்டிகளைக் கண்டு பொறாதவர். அவற்றைத் தெருவிலிருந்து விரட்டக்கூடிய, உண்மையான ஒரு சிறு காரைப் படைத்துத் தருமாறு தம் பொறியாளர் ஒருவரிடம் சொன்னார். எஞ்சின் மட்டும் நிறுவனத்தில் முன்பே உள்ளதாக இருக்கவேண்டும் என்பது கட்டளை.

அந்தப் பொறியாளர் அலெக் இஸிகோனிஸ். 1906-இல் ஸ்மர்னா நகரில் பிறந்தவர். தந்தையார் கிரேக்க மரபினர், தாயார் ஜெர்மானியர். 1922-இல் போரின் காரணமாக அந்நகரை விட்டு வெளியேறிய குடும்பம் மால்ட்டாவுக்கு வந்தது. அங்கே தந்தையார் இறந்தார். தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தனர். பாட்டர்ஸி தொழிற்கல்லூரியில் படித்த இஸிகோனிஸ், கணிதத் தேர்வில் மூன்று முறை தோல்வியுற்றார். இதைக் கேட்டு மாணவ நண்பர்கள் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட வேண்டாம்! கையால் வரைவதிலும், வரைந்ததைக் கையாலேயே செய்து பார்ப்பதிலும் அவருக்கு இருந்த பயிற்சி எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. இஸிகோனிஸ் இளமையில் ஆஸ்டின் செவன் என்னும் எளிய காரைத் தம் கையாலேயே திருத்திப் போட்டிகளில் ஓட்டியவர். பின்னர், ஜார்ஜ் டௌஸன் என்னும் நண்பரோடு சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து, இலேசான பந்தய வண்டி ஒன்றைக் கட்டினார். அதில் இரும்பு வில்லுக்குப் பதிலாக இரப்பரைப் பயன்படுத்தினார். ஆகவே, பொதுமக்களுக்கான காரை வரையும்போதும், வளைவில் வண்டி எவ்வாறு நடந்துகொள்ளும் என்ற எண்ணம் அவர் கையைவிட்டு அகலவில்லை. பிற்காலத்தில் மினியைப் பந்தயத்துக்கு அனுப்ப அவரே தயங்கினார் என்பது ஒரு விந்தை.

1959 ஆகஸ்டு 26-ஆம் நாள் மினி வெளிவந்தது. ஆஸ்டின் செவன் என்றும் மாரிஸ் மினி மைனர் என்றும் இரு பெயர்களில் அதை விற்றார்கள். நீளம் பத்தே அடி. அதற்குள் நால்வர் அமரவேண்டும். பெட்டி படுக்கையும் ஏறவேண்டும். இதை எவ்வாறு முடித்தார்? நம் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய அம்பாஸிடர் காரை நினைத்துக்கொள்ளுங்கள். அது மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. அதே குழுமத்தின் பழைய முறைப்படி அமைந்தது. எஞ்சின் முன்னே நீளவாக்கில் நிற்கும். அதன் பின் கியர்ப் பெட்டி. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு அடிப்பக்கமாகப் பின் அச்சுக்குச் செல்லும். இத்தனைக்கும் இடம் கொடுத்த பிறகே மனிதருக்கு இடம். இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்குக் கீழே, எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே புகுத்தினார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். முன் சக்கரங்களே வண்டியை இழுத்தமையால், பின்னோக்கிச் செல்லும் தண்டு தேவையற்றதாயிற்று. சக்கரங்களின் விட்டத்தைப் பத்து அங்குலமாகக் குறைத்தார். அதற்கான டயரை டன்லப் நிறுவனம் புதிதாகச் செய்து தந்தது. அலெக்ஸ் மோல்ட்டன் வகுத்த இரப்பர்க் கூம்புகள் வில்லின் இடத்தைப் பிடித்தன. வண்டியின் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு மனிதருக்கும் மூட்டைகளுக்கும் கிடைத்தது.

முன் சக்கர இழுவை முற்றிலும் புதியதன்று. பிரெஞ்சு நாட்டு ஸிட்ரோயன் 1934-இலேயே அதைப் பெருவாரியாகச் செய்து விற்றது. ஆனால் பந்தயக்காரர் பலர் அதை மதிக்கவில்லை. அவர்களுடைய ஐயத்தில் பொருள் இல்லாமல் இல்லை.

டயர் தரையைப் பற்றும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. பின் சக்கரங்கள் தள்ளும் வண்டியில், முன் சக்கரங்களுக்குத் திருப்புவதே முதன்மையான வேலை. முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டியிலோ, அதே இரண்டு டயர்கள் இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும், பிரேக் போடும்போது பெரும்பாரத்தைத் தாங்கவும் வேண்டும். படகில் ஒருவனே துடுப்பும் போட்டுச் சுக்கானும் பிடிப்பதைப் போன்றது இது. வளைவில் மிகுதியாக முடுக்கினால், டயரின் பிடிப்பெல்லாம் இழுப்பதிலேயே செலவாகிவிடும். திருப்ப மிச்சம் இராது. சுக்கான் சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு வளைவுக்கு வெளியே நேராகப் போகும். மேலும், வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்வதால் உட்புற முன் சக்கரம் இலேசாகி, தரையில் பற்றாமல் வீணாகச் சுழலும். முடுக்கும்போதோ வண்டியின் எடை பின்னோக்கிச் சாயும்; இழுக்கவேண்டிய சக்கரங்களின் மீது பாரம் குறையும்.

இவை குறைகள். நிறையும் உண்டு. எஞ்சின், கியர்ப் பெட்டி இரண்டின் எடையும் முன் சக்கரங்களின் மேலேயே அமர்வதால், ஈர மண்ணிலும் பனியிலும் அவை நன்றாகப் பற்றும். மாடு முன்னே இழுக்கும் வண்டி, மாட்டைத் தொடர்ந்து வரும். பின்னாலிருந்து தள்ளும் தள்ளுவண்டியோ பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். இது கிராமத்தில் பிறந்த எவரும் அறிந்ததே. மினியின் சக்கரங்கள் நான்கும் நான்கு மூலைகளில் நின்றமையாலும், உடல் தாழ்ந்திருந்தமையாலும் அது வளைவில் ஒட்டிக்கொண்டது. 848 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஏறத்தாழ 34 குதிரைத் திறனும் கொண்ட ஏழைப் பிள்ளை, மலைப்பாதையில் விலையுயர்ந்த வண்டிகளை விடாமல் தொடர்ந்தது.

இதைக் கண்டு கண் திறந்தவர் ஜான் கூப்பர். லண்டனுக்கு அருகே ஸர்பிட்டன் என்னும் ஊரில், தந்தை சார்லஸ் கூப்பரின் பட்டறையில் வளர்ந்தவர். இருவரும் 1946-இல் ஃபியட் டொப்போலீனோ என்னும் சிறு கார்கள் இரண்டின் முன்பாகங்களை ஒட்டவைத்து, மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தித் தங்கள் முதல் பந்தய வண்டியைச் செய்தார்கள். அந்தப் பட்டறையின் வண்டியில்தான் ஜாக் பிராபம் 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்றார். இஸிகோனிஸின் நண்பரான கூப்பர், மினிக்குச் சற்று வலிமை ஊட்டினால் போட்டிகளில் வெல்லும் என்று வற்புறுத்தினார். ஏழை எளியவர்க்கென்று செய்த வண்டியை இப்படிக் கெடுப்பதா என்பது இஸிகோனிஸின் எண்ணம். கூப்பர் விடவில்லை, நிறுவனத்தின் மேலிடத்திலிருந்த ஜார்ஜ் ஹாரிமனிடம் சென்றார். போட்டி விதிப்படி வண்டியை அங்கீகரிக்க ஆயிரம் வண்டிகளாவது செய்தாக வேண்டும். ஆயிரம் விற்குமா என்ற ஐயத்தோடு இசைவு கிடைத்தது. வண்டி ஒன்றுக்கு 2 பவுன் கூப்பருக்கு உரிமைத்தொகை. இறுதியில் விற்றவை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவை!

1961-இல் மினி கூப்பர் வந்தது. அதில் செய்த மாற்றங்களை மாணவர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும். பிஸ்டன் ஓடும் தூரத்தை 68 மில்லிமீட்டரிலிருந்து 81 மில்லிமீட்டராக நீட்டி, கொள்ளளவை 997 ஆக்கினார்கள். ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு வைத்தார்கள். ஆற்றல் 55 குதிரைத் திறனாயிற்று. ஆனால் என் மதிப்பில் இவற்றைவிடச் சிறந்த மாற்றம் பிரேக்கில்தான். பத்து அங்குலச் சக்கரத்துக்குள் இடம் ஏது? அந்தச் சிறு குழிக்குள் அடங்குமாறு லாக்கீடு நிறுவனம் ஏழு அங்குல வட்டத் தகட்டு பிரேக்கைச் செய்து தந்தது. மிகச் சிறியதாதலால் அதன் ஆற்றல் போதாது என்று கூறியவர்களும் உண்டு. ஆயினும், வேகத்தைக் கூட்டும் முன் நிறுத்தும் வழியைத் தேடவேண்டும் என்ற முறைமை அங்கே காணப்படுகிறது. 1963-இல் வந்த கூப்பர் எஸ் வண்டியில் தகட்டை ஏழரை அங்குலமாக்கி, மிதிப்பவரின் கால் விசைக்குத் துணைவிசையும் சேர்த்தார்கள். அதன் எஞ்சினில் சிலிண்டர்களை அகலப்படுத்த இடமில்லாமல், வெளிப்புறத்து இரண்டையும் வெளியே தள்ளி, நடுவிலுள்ள இரண்டையும் நெருக்கி வைத்து 1071 கன சென்டிமீட்டரும் 70 குதிரைத் திறனும் பெற்றார்கள். 1964-இல் அது 1275 ஆக வளர்ந்தது.

பெரிய நிறுவனம் செய்ததைச் சிறிய மனிதர்களும் தம் வீட்டுக் கொட்டகையில் செய்யத் தொடங்கினர். வில்ட்ஷைர் மாவட்டத்து டௌன்டன் கிராமத்தில் டேனியல் ரிச்மண்ட் என்பவர், மினியின் சிலிண்டர் மூடிக்குள் காற்றும் பெட்ரோலும் செல்லும் வழிகளைச் செதுக்கிச் செப்பனிட்டு ஆற்றலைக் கூட்டுவதில் பெயர்பெற்றார். அவர் திறமையை மதித்துப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷனே அவரிடம் ஆலோசனை கேட்டது.

புல்வெளிப் போட்டிக்குச் செல்லும் இளைஞன் ஒருவனுக்குக் கைப்பொருள் குறைவு. திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போகவும் வேண்டும். அவன் எதை முதலில் மாற்றுவது? எஞ்சின் என்றுதான் இளமனம் சொல்லும். அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. முதலில் சுமை குறையவேண்டும். மாற்றுச் சக்கரம், கருவிப் பெட்டி, பின் இருக்கை ஆகியவற்றை இறக்கி வைப்பதற்குச் செலவே இல்லை. அடுத்தது டயர். தரையைத் தொடுவது அது ஒன்றே. நல்ல டயர் இல்லாத இடத்தில் மிகுந்த குதிரைத் திறன் புகையாகவே போகும். முன் டயரில் காற்றைச் சற்று உயர்த்தினால், வளைவில் அதன் பக்கச்சுவர் மடங்காது. காற்றழுத்தத்தை இரண்டிரண்டு பவுண்டாக மாற்றிப் பார்த்து, ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் குறித்து வைப்பவன், புது கார்புரேட்டர் வாங்கியவனை முந்துவதுண்டு. இது கஞ்சத்தனம் அன்று, அறிவியல் முறை.

அதன் பின் பிரேக்குக்கு உயர்ந்த வெப்பம் தாங்கும் பட்டைகள். பிறகுதான் வண்டியின் நிலை. இரப்பர்க் கூம்பைத் தாங்கும் துண்டைக் குறுக்கினால் மினி தாழும். முன் சக்கரங்களின் தலைப்பகுதி சிறிது உட்புறம் சாயுமாறு அமைத்தால், வளைவில் வண்டி சரியும்போது டயர் தட்டையாகத் தரையில் பதியும். வண்டியின் பின்பக்கத்தை விறைப்பாக்கும் தண்டு ஒன்றைப் பொருத்துவதும் உண்டு. இது பலருக்கு விளங்காப் புதிராகத் தோன்றும். பிடிப்புக் குறைந்திருப்பது முன்னே, மருந்து பின்னேயா? ஆம். பின்பக்கம் விறைத்தால், வளைவில் மாறும் எடையில் பெரும்பங்கைப் பின் சக்கரங்களே ஏற்கும். முன் சக்கரங்கள் இரண்டின் மீதும் பாரம் ஒருவாறு ஒத்திருக்கும். முன் சக்கர இழுவை வண்டிகள் வளைவில் உட்புறப் பின் சக்கரத்தை, நாய் காலைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு செல்லும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அது கோளாறு அன்று, அப்படி அமைந்ததே.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீட்டில் விலை கொடுக்கவேண்டும். உட்புறச் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் சாதனம் களத்தில் நன்மை செய்யும். சாலையிலோ சுக்கான் சக்கரத்தைக் கையிலிருந்து பிடுங்கும். நேராக வெட்டிய பற்களைக் கொண்ட கியர் உறுதியானது. ஆனால் அதன் ஓலம் உடன் வரும் தாயாருக்குத் தலைவலி தரும். வால்வைத் திறக்கும் தண்டை மாற்றினால் உயர்வேகத்தில் எஞ்சின் பாடும். சந்திப்பில் நிற்கும்போது திணறி அணையும். எந்த எல்லையில் நிறுத்துவது என்பதே இக்கலையின் கடினமான பகுதி.

மினியின் புகழ் புல்வெளியைத் தாண்டியது. 1962-இல் பாட் மாஸ் என்னும் பெண்மணி, ஹாலந்து நாட்டுத் தூலிப் ராலியில் மினி கூப்பரை ஓட்டி வென்றார். புகழ்பெற்ற பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸின் தங்கை இவர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் மான்டி கார்லோ ராலியில் வென்றது ஸ்வீடன் நாட்டு ஸாப் கார். அதுவும் முன் சக்கர இழுவை வண்டியே. ஓட்டியவர் எரிக் கார்ல்ஸன். பழைய ஐயம் கரையத் தொடங்கியது. 1964-இல் பாடி ஹாப்கிர்க், ஹென்றி லிடன் என்னும் இருவர் 33 ஈ.ஜே.பி. என்ற எண்ணுடைய கூப்பர் எஸ் வண்டியில், நான்கு லிட்டருக்கும் மேற்பட்ட எஞ்சின் கொண்ட ஃபோர்டு ஃபால்கனை வென்றனர். எஞ்சினின் அளவுக்கேற்பச் சலுகை தரும் கணக்கு முறை மினிக்கு உதவியது என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் 1965-இல் பெரும் பனிப்பொழிவில் புறப்பட்ட 237 வண்டிகளில் 35 மட்டுமே முடிவெல்லையை அடைந்தன. டீமோ மாக்கினன் ஓட்டிய மினி, வழியில் அபராதப் புள்ளி ஒன்றும் பெறாமல் வந்து வென்றது. அதற்குச் சலுகை காரணம் என்று எவரும் சொல்லவில்லை.

மாக்கினனும் ரவ்னோ ஆல்ட்டோனனும் ஃபின்லாந்துக்காரர்கள். பனியிலும் சரளையிலும் ஓட்டிப் பழகியவர்கள். முன் சக்கர இழுவையின் பழைய நோய்க்கு அவர்கள் காலால் மருந்து கண்டனர். வலக்காலை முடுக்கியிலிருந்து எடுக்காமலே, இடக்காலால் பிரேக்கை மிதிப்பார்கள். முன் சக்கரங்களை எஞ்சின் சுழற்றிக்கொண்டே இருப்பதால் அவை எளிதில் நிற்கமாட்டா. எஞ்சினின் துணையில்லாத பின் சக்கரங்கள் தடைப்பட்டு வெளிப்பக்கம் நழுவும். வால் வெளியே போனால் மூக்கு உள்ளே திரும்பும். எந்தப் பட்டறையிலும் விலைக்குக் கிடைக்காத திருத்தம் இது.

1966-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இன்றும் பேசப்படுவது. மக்கள் கடையில் வாங்கும் வண்டிக்கே முதலிடம் தரவேண்டும் என்று மான்டி கார்லோ அமைப்பாளர்கள் விதி வகுத்தனர். ஆண்டில் 5000 வண்டிகளாவது செய்யப்பட்ட வகையாக இருந்து, பெரும்பாலும் மாற்றமின்றி வந்தால்தான் வெற்றி வாய்ப்பு. மினிகள் அப்பிரிவிலேயே வந்து, மாக்கினன், ஆல்ட்டோனன், ஹாப்கிர்க் என்ற வரிசையில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. இவ்வளவு விரையும் வண்டி கடை வண்டியாக இருக்குமா? அதிகாரிகள் மணிக்கணக்காகப் பிரித்துச் சோதித்தார்கள். எஞ்சினில் குற்றம் இல்லை, பிரேக்கில் இல்லை. இறுதியில் முகப்பு விளக்கில் கண்டார்கள். கடை வண்டியின் விளக்கில் ஒளியைத் தாழ்த்துவதற்கென்று இரண்டாவது இழை ஒன்று உண்டு. போட்டி வண்டிகளில் ஒற்றை இழை விளக்கு. எதிரே வண்டி வந்தால் அதை அணைத்து மூடுபனி விளக்குக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு. இது விதிக்கு மாறு என்று மூன்று மினிகளும், அடுத்து வந்த ஃபோர்டு கார்ட்டினாவும் நீக்கப்பட்டன. பரிசு ஸிட்ரோயன் வண்டிக்குப் போயிற்று. மேல்முறையீடும் பயன் தரவில்லை.

விதியின் எழுத்தை நோக்கினால் அதிகாரிகளிடம் தவறு காண்பது கடினம் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் வேறு ஒன்றும் அதில் அடங்கியிருக்கிறது. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தும் விளக்கைத் தவிர வேறு குற்றம் அகப்படவில்லை என்றால், வீட்டுக்கென்று செய்த காருக்கு அதைவிடச் சிறந்த நற்சான்று எந்தப் பரிசு தரும்? அவ்வழக்கால் மினியின் பெயர் வெற்றி பெற்ற ஆண்டுகளைவிட மிகுதியாகப் பரவியது. அடுத்த ஆண்டே ஆல்ட்டோனனும் லிடனும் மீண்டும் வந்து, லான்சியா வண்டியை 13 விநாடி வித்தியாசத்தில் வென்றனர். அந்த லான்சியாவும் முன் சக்கர இழுவைதான்.

கூப்பரோடு கொண்ட ஒப்பந்தம் முறிந்து, 1971-இல் கூப்பர் எஸ் நின்றது. இஸிகோனிஸ் 1969-இல் சர் பட்டம் பெற்று, 1988-இல் மறைந்தார். 1990-இல் மினி கூப்பர் மறுபடி விற்பனைக்கு வந்தது. 2000 அக்டோபரில் பழைய மினியின் உற்பத்தி முடிவுற்றபோது, செய்யப்பட்டவை 53 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஜான் கூப்பரும் காலமானார். எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரங்களை இயக்கும் முறையோ உலகெங்கும் நிலைபெற்றது. 1983 முதல் நம் நாட்டில் ஓடத் தொடங்கிய மாருதி 800-உம் அம்முறையினதே. கியர்ப் பெட்டியை எஞ்சினின் கீழே வைக்காமல் பக்கத்தில் வைத்த அமைப்பு, இத்தாலியப் பொறியாளர் டான்டே ஜியகோசா பின்னர் செய்த திருத்தம்.

33 ஈ.ஜே.பி. இப்போது இங்கிலாந்தின் கெய்டன் ஊரிலுள்ள மோட்டார் அருங்காட்சியகத்துக்கு உரியது. அதன் உடன்பிறப்புகளில் பல, கூம்புகள் வைத்த திடல்களிலும் சேற்றுப் புல்வெளிகளிலும், பின் காலைத் தூக்கிக்கொண்டு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.